புரோமோ எரிமலை: 250 படிகளைப் பற்றிச் சொல்லாமல் விடுபவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறை நெருங்கினால் சுரபாயாவுக்கு விமானச் சீட்டு எடுத்து, அப்படியே கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலையையும் பார்த்து வருவது சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் திட்டத்தில் இருக்கிறது. போகிறவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். பத்துமலையில் 272 படி, புரோமோவில் ஏறத்தாழ 250. தைப்பூசத்தன்று பால்குடத்தோடு ஏறிய கால்களுக்கு இது எந்த மூலைக்கு? பயணப் பக்கங்களில் வரும் குறிப்புகளும் படி எண்ணிக்கையைச் சொல்லி, சூரிய உதயப் படம் ஒன்றைப் போட்டு, அத்தோடு முடித்துவிடுகின்றன. எண்ணிக்கை சரிதான். ஆனால் அங்கே ஆள் தடுமாறுவது படியின் எண்ணிக்கையால் அல்ல. படிக்கு முன்னால் உள்ள மணல், படியில் கிடக்கும் சாம்பல், படி முடியும் இடத்தில் உள்ள விளிம்பு, அந்த விளிம்புக்குள்ளிருந்து வரும் வாயு ஆகிய நான்கையும் பற்றித் தமிழில் விரிவாகச் சொல்லப்படுவதில்லை என்பதால் இக்கடிதம்.

முதலில் உயரம். பத்துமலைப் படிகள் கடல்மட்டத்துக்கு அருகே தொடங்குகின்றன. புரோமோவின் படிகள் தொடங்கும் இடமே 2,200 மீட்டருக்கு மேல். உச்சி 2,329 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தீவு நகரத்தில் வாழும் உடம்பு அதே வேகத்தில் ஏறினால் ஐம்பதாவது படியிலேயே இதயம் படபடக்கும். இது நோயல்ல, வேகத்தைக் குறைக்கச் சொல்லி உடம்பு தரும் குறிப்பு. ஹவாயின் ஒவாஹு தீவில் கோக்கோ கிரேட்டர் என்றொரு எரிமலைக் கூம்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவம் போட்ட தண்டவாளத்தின் மரக்கட்டைகளே அதற்குப் படி, ஆயிரத்துக்கும் மேல். ஏறுபவருக்குத் தொடை எரியும். ஆனால் அந்த எரிமலை ஓய்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாகின்றன. புரோமோவில் படி கால்பங்குதான், எரிமலையோ இன்னும் விழித்திருக்கிறது. படியை எண்ணி மலையை எடைபோட முடியாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இடத்தைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. டெங்கர் என்னும் பழைய பெரிய எரிமலை இடிந்து உள்வாங்கியதால் உண்டான அகன்ற பள்ளம் அது. பள்ளத்தின் தரை ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கறுத்த எரிமலை மணலால் நிரம்பியது. உள்ளூரில் அதை மணல் கடல் என்றே அழைக்கிறார்கள். அந்த மணலுக்கு நடுவே பின்னாளில் முளைத்த கூம்புகளில் ஒன்றுதான் புரோமோ. விளம்பரப் படங்களில் முன்னால் நிற்கும், பக்கமெல்லாம் மடிப்பு மடிப்பான, பச்சைப் போர்வையுடைய அழகிய கூம்பு புரோமோ அல்ல; அது பாத்தோக், ஓய்ந்துபோனது. அதற்குப் பக்கத்தில் தலை தட்டையாக, சாம்பல் நிறத்தில், வெண்புகை விட்டுக்கொண்டு கிடப்பதே புரோமோ. பின்னால் தெற்கே தொலைவில் தெரியும் நெடிய சிகரம் செமெரு. 3,676 மீட்டர், ஜாவாத் தீவிலேயே மிக உயர்ந்தது. அதுவும் செயல்படும் எரிமலைதான். அதன் உச்சியில் திடீரென்று எழும் சாம்பல் புகையைப் பார்த்து, புரோமோ வெடித்துவிட்டதாகப் பதறி ஊருக்குச் செய்தி அனுப்புவோர் உண்டு.

இம்மூன்றையும் ஒன்றாகக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற உதயக் காட்சி, புரோமோவின் படியேறினால் கிடைக்காது. அது பள்ளத்தின் வடக்கு விளிம்பில் 2,770 மீட்டர் உயரத்தில் உள்ள பெனஞ்சாக்கானிலிருந்தோ, அதற்குச் சற்றுக் கீழே உள்ள மற்றப் பார்வை முனைகளிலிருந்தோ எடுக்கப்படுவது. படியேறி நிற்கும்போது தெரிவது வேறு காட்சி. வடக்கு தெற்காகச் சுமார் 800 மீட்டரும் கிழக்கு மேற்காகச் சுமார் 600 மீட்டரும் விரிந்த கிண்ணம், அதன் அடியில் இடைவிடாமல் இரைந்துகொண்டு ஆவி கக்கும் துளை. என்னைக் கேட்டால் இரண்டாவது காட்சிக்காகவே அவ்வளவு தூரம் போகலாம். உதயத்துக்காகப் போகிறவர் படியேறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை; படியேற விரும்புகிறவர் உதயத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டையும் ஒரே காலைக்குள் திணிப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

பயணச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது வானிலை அல்ல, எச்சரிக்கை நிலை. இந்தோனேசியாவின் எரிமலைகளை பி.வி.எம்.பி.ஜி. என்னும் அரசு மையம் கண்காணிக்கிறது. ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு படிநிலைகளில் ஒன்றை அறிவிக்கிறது. முதல் நிலை இயல்பு, இரண்டாவது வாஸ்பாடா (கவனம்), மூன்றாவது சியாகா (தயார்நிலை), நான்காவது ஆவாஸ் (அபாயம்). மேக்மா இந்தோனேசியா என்ற அதன் இணையத்தளத்தில் அன்றன்றைய நிலை இலவசமாகத் தெரியும். புரோமோ இரண்டாம் நிலையில் இருக்கும்போது, எரிமலை வாயைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்பது அம்மையம் வழக்கமாக விடுக்கும் பரிந்துரை. படிக்கட்டு முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். அதாவது இரண்டாம் நிலை என்றால் மணல் கடலைப் பார்க்கலாம், பெனஞ்சாக்கான் போகலாம், ஜீப்பில் சுற்றலாம், படி கிடையாது. விளம்பரத் தாளில் இதை எழுதும் முகவர்கள் குறைவு. எரிமலை வாய்க்குப் போகும் பகுதி அன்று திறந்திருக்குமா, இல்லாவிட்டால் கட்டணத்தில் என்ன மாறும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடுப்பு எதுவும் இல்லை, எல்லோரும் ஏறுகிறார்கள் என்பது அனுமதி ஆகாது. அதிகாரபூர்வ எச்சரிக்கையை மீறிய இடத்தில் நேரும் விபத்துக்குப் பல பயணக் காப்புறுதித் திட்டங்கள் பணம் தருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும் என்றால், புரோமோ வெடிக்கும் விதம் அப்படி. பாறைக்குழம்பு பூமிக்குள் மேலே ஏறிவரும்போது சிறு நிலநடுக்கங்கள், நிலம் உப்புவது, வாயுவின் அளவு மாறுவது என்று அறிகுறிகள் முன்கூட்டியே தெரிய வாய்ப்புண்டு. ஆனால் மழைநீர் உள்ளே இறங்கிச் சூடான பாறையைத் தொட்டு ஒரே நொடியில் ஆவியாகிப் பீறிடும் வெடிப்புக்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் தலையளவு கற்களைத் தூக்கியெறிந்துவிடும். 2004 ஜூனில் புரோமோவில் நிகழ்ந்த திடீர் வெடிப்பில் வாய்க்கருகே இருந்த இருவர் இறந்தார்கள். 2010 நவம்பரில் நிலை நான்காக உயர்ந்தது. வெளிவந்த சாம்பல் மாதக்கணக்கில் சுற்றியுள்ள ஊர்களின் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தோட்டங்கள் மேல் விழுந்தது. 2015 இறுதியிலும் 2019இலும் மறுபடியும். ஆக, முதல் நிலை என்பது ஆபத்து இல்லை என்று பொருளல்ல. இன்று அறிகுறி இல்லை என்றுதான் பொருள். விளிம்பில் நிற்கும் நேரத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். அங்கே உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அடுத்தது தூக்கம். சுரபாயாவிலிருந்தோ மாலாங்கிலிருந்தோ நள்ளிரவில் கிளம்பி மறுநாள் நண்பகல் திரும்பும் ஒரே இரவுப் பயணம் மலிவாகக் கிடைக்கிறது. அதன் கால அட்டவணையைக் கூர்ந்து பாருங்கள். மாலை விமானத்தில் இறங்கிய குடும்பம் இரவு பன்னிரண்டுக்கு வேனில் ஏறுகிறது. வளைவுகளில் தூங்க முடியாது. மூன்று, மூன்றரைக்கு ஜீப்புக்கு மாற்றுகிறார்கள். நான்கு மணிக்குக் கடல்மட்டத்திலிருந்து 2,770 மீட்டருக்கு வந்து, பத்து டிகிரிக்கும் குறைவான குளிரில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறார்கள். ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு படி. இந்நிலையில் யாராவது தலைசுற்றி உட்கார்ந்தால் அதை மலைநோய் என்கிறார்கள். பெரும்பாலும் அது தூக்கமின்மை, பசி, தண்ணீர் குடிக்காதது ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு. உயரம் அதை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

முந்தைய நாளே மேலே போய்ப் பள்ளத்தின் விளிம்பில் உள்ள செமோரோ லாவாங் சிற்றூரில் ஓர் இரவு தங்கினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். சுரபாயாவிலிருந்து புரோபோலிங்கோ வழியாகச் சாலையில் நான்கு முதல் ஐந்து மணி நேரம். ஊர் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஓரிரவில் உடம்பு கொஞ்சம் பழகிவிடும். அங்கிருந்து எரிமலை வாய் சுமார் மூன்று கிலோமீட்டர். ஜீப் இல்லாமல் நடந்தே போகலாம். சிங்கப்பூர் நேரத்தைவிட அங்கே ஒரு மணி நேரம் பின்னால் என்பதால் விடியல் நமக்குப் பழகியதைவிட மிக முன்னதாக வரும். ஐந்து, ஐந்தரைக்குச் சூரியன் எழுந்துவிடும். ஐந்து மணி வெளிச்சத்தில் நடக்கத் தொடங்கினால், உதயம் பார்த்துவிட்டு ஜீப்புகள் மந்தையாக இறங்கி வருமுன் படியடியை அடைந்துவிடலாம். முடியாதவர்கள் ஒன்பது மணிக்குப் போகட்டும். அப்போது ஜீப் கூட்டம் கலைந்திருக்கும். ஏழுக்கும் எட்டரைக்கும் இடையில்தான் படியில் வரிசை நகராமல் நிற்கும். மதியத்துக்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடுபனி ஏறிவிட்டால் மணல் கடலில் திசை தெரியாது. விளிம்பில் நின்றாலும் பள்ளம் தெரியாது.

இனி மணல். ஜீப்புகள் படியடி வரை போவதில்லை. அந்த மலைப்பகுதியில் வாழும் டெங்கர் மக்களின் பூரா லுஹூர் போத்தேன் என்ற கோவிலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து படியடிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரம் சின்னது, நடை சின்னதல்ல. கோவிலைத் தாண்டியதும் தரை சமமாக இருப்பது முடிந்துவிடும். மழைநீர் அறுத்த ஓடைகள், அவற்றுக்கிடையே மேடுகள். இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் போக வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் மணல் நன்றாகக் காய்ந்து, கணுக்கால் வரை புதையும். முன்வைத்த அடியில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் சரியும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் அதே மணல் இறுகி, நடை எளிதாகிவிடும். வலை துணியால் ஆன ஓட்டக் காலணியில் மணல் புகுந்து பத்து நிமிடத்தில் கொப்புளம் போடும். கணுக்காலை மூடும் காலணியும், அதற்கு மேல் இழுத்துவிடக் கூடிய நீண்ட காலுறையும் போதும். இதற்கென்று விலையுயர்ந்த மலையேற்றக் காலணி வாங்க வேண்டியதில்லை. செருப்பு மட்டும் வேண்டாம். எரிமலை மணலின் துகள் கடற்கரை மணலைப் போல் உருண்டு தேய்ந்ததல்ல, கூர்முனை கொண்டது.

நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. ஆனால் குதிரை படியடி வரைதான். பாட்டியைக் குதிரையில் ஏற்றிவிட்டால் மேலே போய்விடுவார் என்று நினைத்து அழைத்துப்போய், படியடியில் விழிக்கும் குடும்பங்கள் உண்டு. கூலியை ஏறுமுன்பே பேசிவிட வேண்டும். போவதற்கு மட்டுமா, போய் வரவா, மேலே இருக்கும் நேரத்துக்குக் காத்திருப்பாரா என்று மூன்றையும் தெளிவாகக் கேளுங்கள். குதிரைக்காரரையும் குதிரையையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கி வரும்போது ஒரே மாதிரிப் போர்வை போர்த்திய ஆட்களும் குதிரைகளும் வரிசையாக நிற்கும். ஆளைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. நடப்பவர்கள் காற்று வரும் பக்கமாக நடக்க வேண்டும். குதிரைகள் கிளப்பும் புழுதியில் காய்ந்த சாணமும் கலந்திருக்கும். சாதாரண முகக்கவசம் உண்மையில் பயன்படும் இடம் இதுதான், மேலே அல்ல.

படிகளுக்கு வருவோம். சிமெண்டால் கட்டியவை; ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் தனித்தனிப் பாதை, கைப்பிடி உண்டு, இடையிடையே ஒதுங்கி நிற்க இடமும் உண்டு. ஏறத்தாழ பதினான்கு மாடி ஏறுவதற்குச் சமம். ஒவ்வொரு படியின் உயரமும் ஒன்றுபோல் இருக்காது. சில படிகளின் விளிம்பு உடைந்திருக்கும். பெரிய சாம்பல் வீச்சுக்குப் பிறகு கீழ்ப்பகுதி, சில சமயம் பெரும்பகுதியே, மணலில் புதைந்து வெறும் சரிவாகிவிடும். அப்போது கைப்பிடி மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறும் முறை எளிது: இருபத்தைந்து படி, பிறகு ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்பது. மூச்சு வாங்கிய பிறகு நிற்பதல்ல, வாங்குமுன் நிற்பது. முதல் எண்பது படிகளை வேகமாக ஏறிவிட்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் இளைஞர்களே கூடுதல். நிற்கும்போது ஒதுங்குமிடத்தில் நில்லுங்கள். வரிசைக்கு நடுவே நின்று படம் எடுப்பதால் பின்னால் வருபவர் சாய்ந்த படியில் ஒற்றைக் காலில் நிற்க நேர்கிறது. கைப்பிடி அதிகாலையில் உறைபனியாய்க் குளிரும், சாம்பல் ஒட்டியும் இருக்கும், கையுறை வேண்டும். கீழே தேவைப்படும் தண்ணீரை கீழேயே குடித்துவிட்டு, அரை லிட்டர் மட்டும் கையில் வைத்தால் போதும். படியில் நடுவழியில் கடை கிடையாது.

மேலே ஏறியதும் தான் நின்ற இடத்தைப் பார்த்துப் பலரும் திகைப்பார்கள். படி முடியுமிடத்தில் கோவில் முன்றில் போன்ற அகன்ற தளம் எதிர்பார்ப்பது இயல்பு. இருப்பது ஒரு கத்திமுனை வரப்பு. ஒரு பக்கம் ஏறிவந்த சரிவு, மறுபக்கம் எரிமலையின் உள்வாய். தடுப்புவேலி படித் தலையை ஒட்டிச் சிறிது தூரத்துக்கு மட்டுமே; அதற்கப்பால் ஒரு மீட்டர், சில இடங்களில் அதைவிடக் குறுகிய, உதிரிச் சாம்பல் வரப்புதான். அந்தச் சாம்பல் இறுகிய பாறை போலத் தோன்றும். ஓரத்தில் மிதித்தால் பாளமாகப் பெயரும். கூட்டம் அதிகமாகும்போது இடம் தேடி வேலியைத் தாண்டி நடப்பவர்கள், எதிரே வருபவருக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும்போது சறுக்குகிறார்கள். வரப்பில் இருவர் கடக்க நேர்ந்தால் வெளிச்சரிவுப் பக்கம் இருப்பவர் உட்கார்ந்துவிடுவதே சரியான முறை. வேலிக்குள்ளேயே நின்றாலும் பார்க்க வேண்டிய அனைத்தும் தெரியும். வாயை முழுதாகச் சுற்றி வரலாம் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

வாயு பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை நோய்த்தொற்றுக் காலத்திலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரிமலை ஆவியில் பெரும்பங்கு நீராவி. அதோடு கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை வரும். என்95 உட்பட நாம் அணியும் கவசங்கள் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கந்தக டை ஆக்சைடு நீரில் கரையும் என்பதால் நனைத்த துணி சில நிமிடங்களுக்குச் சற்று உதவலாம், இறங்குவதற்கான அவகாசமாக மட்டுமே. கண் எரிச்சல், தொண்டையில் கரகரப்பு, வறட்டு இருமல், இந்த வரிசையில் அறிகுறி வரும். இரண்டாவது வந்தவுடனேயே இறங்கத் தொடங்க வேண்டும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. அதன் செறிவு கூடும்போது மூக்கின் நுகரும் திறனே மரத்துவிடும். ஆகவே வாடை நின்றுவிட்டது என்பதற்காக வாயு விலகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, பள்ளங்களில் தேங்கும். உள்வாய்ப் பக்கம் இரண்டடி இறங்கி நின்று படம் எடுப்பது இதனாலும் ஆபத்து. காற்றின் திசை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இடம் அது. படியடியிலேயே நின்று ஐந்து நிமிடம் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். படித்தலைப் பக்கமாகவே தொடர்ந்து சாய்ந்தால் அன்று ஏறாமல் இருப்பதே அறிவு. வெண்புகை கறுத்துச் சாம்பல் நிறமானால் கேள்வியே இல்லை, இறங்க வேண்டியதுதான்.

ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளிழுக்கும் மருந்தைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஜீப்பில் கிடக்கும் கைப்பையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மணல் கடலோடு நின்றுகொள்வது நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறும் தந்தைக்கு மேலே பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்படும். கண்ணில் ஒட்டும் வில்லை அணிபவர்கள் அன்றைக்கு மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். வில்லைக்கும் விழிக்கும் நடுவே எரிமலைத் துகள் புகுந்தால் விழியைக் கீறிவிடும்.

சறுக்கி விழுபவர்கள் அநேகமாக இறங்கும்போதுதான் விழுகிறார்கள். சிமெண்டின் மேல் மெல்லிய மணற்படலம் இருந்தால் அது தரையில் கொட்டிய கடுகு மாதிரி. காலின் அடியில் உருளும். குதிகாலை முதலில் ஊன்றி இறங்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதத்தையும் ஒரே நேரத்தில் படியில் பதித்து, ஒரு கை கைப்பிடியில் இருக்க இறங்க வேண்டும். கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். படியை விட்டு விலகி மணற்சரிவில் ஓடி இறங்குவது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் கூட்டம் அப்படி மிதித்தால் சரிவு அறுபடுவதோடு, உருளும் கற்கள் கீழே நிற்பவர்மேல் போகும்.

உடை பற்றி நீட்ட வேண்டியதில்லை. விடிகாலையில் ஐந்து டிகிரி வரை இறங்கும், ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் மணல் கடலின் புல்மேல் உறைபனியே படியும். ஒன்பது மணிக்கு அதே இடத்தில் வெயில் தோலை எரிக்கும். ஒரே கனத்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. குளிரங்கி ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சேலை, வேட்டி வேண்டாம். காற்று இழுக்கும், முந்தானை கைப்பிடியில் சிக்கும்.

நம்மவர்கள் பலர் புரோமோவுக்குப் போவதே விளிம்பில் உள்ள பிள்ளையாரைப் பார்க்கத்தான். அவர் எழுநூறு ஆண்டுகளாக எரிமலையிலிருந்து ஊரைக் காக்கிறார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அங்கே ஒரு பிள்ளையார் சிலை வைத்து மக்கள் பூவும் பொருளும் படைக்கிறார்கள் என்பது உண்மை. அது நம் ஊர்க் கோவில் வழிபாட்டு முறையல்ல, டெங்கர் மக்களின் வழக்கம். இந்துக்களான அவர்கள் தங்கள் நாட்காட்டியின் காசாடா மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி யட்ஞ்யா காசாடா விழாவில் காய்கறி, நெல், கோழி, பணம் ஆகியவற்றை எரிமலை வாய்க்குள் காணிக்கையாக எறிகிறார்கள். ரோரோ ஆன்தெங், ஜோக்கோ செகெர் தம்பதியருக்கு இருபத்தைந்து பிள்ளைகள் பிறந்ததும், கடைசிப் பிள்ளையை எரிமலைக்குக் கொடுக்க நேர்ந்ததுமான மரபுக்கதை அதன் பின்னணி. எறிந்ததைப் பிடிக்க உள்வாய்ச் சரிவில் வலையோடு நிற்பவர்களைப் பார்த்து, அங்கே இறங்கலாம் போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். விழா நாட்களில் தேசியப் பூங்கா சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படுவதும் உண்டு, இந்தோனேசிய இந்துக்களின் மௌன நாளான நியெபியிலும் அப்படியே. தேதிகள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் பூங்காவின் இணையத்தளத்தில் பார்த்து, நுழைவுச்சீட்டையும் அங்கேயே தேதி குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூரார் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு.

பிள்ளையார் முன் சூடம் ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் மணல் கடலை ஒட்டிய புல்வெளியில் திருமணப் புகைப்படம் எடுக்க வந்த குழு கொளுத்திய வண்ணப் புகைக்குச்சியிலிருந்து தீப்பொறி பறந்து, ஏறத்தாழ 500 ஹெக்டேர் எரிந்தது, பூங்காவே மூடப்பட்டது. உலர்ந்த பருவத்தில் அங்கே நெருப்பு எதுவும் வேண்டாம். பூ போதும். அதையும் படியடியில் விற்கும் எடெல்வைஸ் கொத்தாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டில் பறித்த எடெல்வைஸ் அங்கே தடைசெய்யப்பட்டது, வளர்த்து விற்கும் ஊர்கள் தனியாக உண்டு.

திரும்பி வந்ததும் கேமரா வில்லையையும் மூக்குக்கண்ணாடியையும் துணியால் துடைத்துவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் சாம்பல் கண்ணாடித் துகள் கலந்தது, துடைத்தால் கோடு விழும். கண்ணாடியை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், கேமராவை ஊதுகுமிழால் ஊதிய பிறகே தொடுங்கள். காலணியை விடுதி அறைக்குள் கழற்றாமல் வாசலிலேயே கொட்டிவிடுங்கள். குளியலறை வடிகாலில் போனால் அந்த மணல் அங்கேயே இறுகி அடைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
மலைப் பயணங்களுக்கு வழிகாட்டும் வாசகர்,
சிங்கப்பூர்